பூனைக்கு கமோட் பழக்கணுமா? சத்துவாச்சாரி வாசகிக்கு பதில்

வணக்கம்மா. உங்க லெட்டர் நாலு பக்கம், அதனால மத்தவங்களுக்கும் புரியற மாதிரி விஷயத்தை மட்டும் சுருக்கி சொல்லிடறேன். வேலூர் சத்துவாச்சாரியில மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருக்கீங்க. ஒன்றரை வயசு ஆண் பூனை, பேரு பிஸ்கட். மொட்டமாடியில ஹவுஸ் ஓனர் வச்சிருக்கிற செடித்தொட்டியில போய் தோண்டி வச்சிட்டு வருதுன்னு சண்டை ஆயி, இப்ப வெளியவே விடறதில்ல. மணல் ட்ரே வச்சா வீடே நாறுதுன்னு மாமியார் சத்தம். அந்த நேரம் பாத்து போன்ல ஒரு வீடியோ, பூனை ஜம்முனு கமோட் மேல குந்திக்கினு போவுது, உடனே ஆன்லைன்ல அந்த ப்ளாஸ்டிக் ரிங் செட்டை வாங்கிட்டீங்க, கமோட் மேல வச்சு மணல் போட்டு, ஓட்டை சின்ன ரிங்லருந்து பெரிய ரிங்குக்கு ஒண்ணொண்ணா மாத்திக்கினே போறது. சின்ன ஓட்டை ரிங் வரைக்கும் நல்லாதான் போச்சு, பெரிய ஓட்டை ரிங்கை மாத்துனதும் பிஸ்கட் பாத்ரூம்ல தண்ணி போற ஜாலி மேல போக ஆரம்பிச்சு, போன வாரம் ரெண்டு தடவ உங்க மெத்தையிலயே போயிடுச்சு. இதுக்கு நடுவுல உங்க நாத்தனாருக்கு அஞ்சு மாசம், வளைகாப்புக்கும் பிரசவத்துக்கும் உங்க வீட்டுக்குதான் வர்றாங்க, பூனை இருந்தா வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஆவாது, அதை எங்கியாவது கொண்டு போய் விட்டுட்டு வான்னு மாமியார் சொல்றாங்க. அடம் பிடிக்கிற பூனையை எப்படி கமோட்ல பழக்கறது, முடியலன்னா இண்டியன் டாய்லெட்ல பழக்கலாமா, இதுதான் கேள்வி.

கமோட் கதைக்கு அப்புறம் வரேன். மொதல்ல அந்த மெத்தை விஷயம். ஆண் பூனை புதுசா கண்ட எடத்துல ஒண்ணுக்கு போவுதுன்னா அடம்னு முடிவு கட்றதுக்கு முன்னாடி அதுக்கு ஒண்ணுக்கு ஒழுங்கா வருதான்னு பாக்கணும். மெத்தையில இருந்தது பெரிய ஈரமா, இல்ல சின்னச்சின்ன பொட்டா? ஜாலி மேல போய் குந்துதே, குந்துனதும் போயிட்டு வந்துடுதா, இல்ல முதுகை வளைச்சிக்கினு ரொம்ப நேரம் முக்கிக்கினே இருக்குதா? கொஞ்ச நேரத்துல திரும்ப போய் குந்துதா? அடியில சும்மா சும்மா நக்கிக்கினே இருக்குதா? சொட்டு சொட்டா வர்றது, லேசா ரோஸ் கலர்ல வர்றது, குந்தும்போது கத்தறது, சாப்பிடாம கட்டில் அடியில போய் பதுங்கறது, வாந்தி, இதுல எது இருந்தாலும் இந்த லெட்டரை மடிச்சு வச்சிட்டு பூனையை தூக்கிக்கினு கிளம்புங்க. ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்ப சன்னம், உப்புத் தூளும் சளி மாதிரி ஒரு பிசினும் சேர்ந்து அதை அடைச்சிடும். அடைச்சா ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயத்தைப் புடிக்கும், ரெண்டு மூணு நாள்ல உயிரே போயிடும். ஒரு நாள் பூரா ஒண்ணுக்கு போகலன்னாலே அது எமர்ஜென்சிதான். நாளைக்கு பாக்கலாம்னு விடக்கூடாது.

இதை இவ்ளோ அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. நம்ம பக்கத்துல பூனை முக்கறதைப் பாத்தா எல்லாரும் மலச்சிக்கல்னுதான் நெனைக்கிறாங்க, வெளக்கெண்ணெய் குடுத்துப் பாக்கறாங்க, மோர் ஊத்திப் பாக்கறாங்க, கடைசியா தொவண்டு போன பெறகு "இன்னா டாக்டரே, மூணு நாளா வெளிக்கி வரல"ன்னு தூக்கிக்கினு வருவாங்க, தொட்டுப் பாத்தா அடிவயித்துல மூத்திரப் பை கல்லு மாதிரி கெட்டியா இருக்கும். கத்திரி வெயில்ல இப்படி வர்றது எனக்கு ஜாஸ்தியா தெரியுது. பூனை சும்மாவே தண்ணி கம்மியா குடிக்கிற ஜென்மம், வேலூர் வெயில் நாப்பதைத் தாண்டும்போது வெறும் ட்ரை ஃபுட் மட்டும் போட்டுக்கினு இருந்தா மூத்திரம் என்ன ஆவும் சொல்லுங்க. ஒரு வேளையாவது ஈரமான சாப்பாடு குடுங்க, வேக வச்ச கோழி, வேக வச்ச மீன், அந்தத் தண்ணியோட சேர்த்து. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் வேணாம், வெங்காயமும் பூண்டும் பூனை ரத்தத்தையே கெடுத்துடும். கருவாட்டுத் தலையும் வேணாம். தண்ணிக் கிண்ணத்தை சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வைக்காம ரெண்டு மூணு எடத்துல தள்ளித் தள்ளி வைங்க. இன்னொண்ணு, வலிக்குதேன்னு பாவம் பாத்து பாராசிட்டமால் மட்டும் குடுத்துடாதீங்க, ஒரே மாத்திரை போதும் பூனையைக் கொல்றதுக்கு.

சரி, ஒண்ணுக்கு நல்லாதான் வருதுன்னு வச்சிப்போம். அடுத்தது, பிஸ்கட்டுக்கு கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சா? நாலு பக்கம் எழுதுனீங்க, அதை எழுதல. பண்ணலன்னா உங்க மாமியார் சொல்ற நாத்தத்துல முக்கால்வாசிக்கு அதுதான் காரணம், ட்ரே இல்ல. முழு ஆண் பூனையோட மூத்திரத்துக்குன்னு ஒரு தனி நெடி உண்டு, அஞ்சாறு மாசத்துக்கு மேல அது ஆரம்பிக்கும், வாலைத் தூக்கி ஆட்டிக்கினு சுவத்துல, கதவுல, பீரோ மேலல்லாம் பீச்சி விடும். கமோட்ல பழக்குனாலும் அது பீச்சறது பீச்சிக்கினேதான் இருக்கும். ஆண் பூனைக்கு இது சின்ன ஆபரேஷன், அன்னிக்கே வீட்டுக்கு வந்துடும், கொஞ்ச நாள்ல நெடி நல்லா கொறஞ்சிடும். ரிங் வாங்குன காசை இதுல போட்டிருந்தீங்கன்னா மாமியார் பாதி சமாதானம் ஆயிருப்பாங்க.

இப்ப ரிங். பிஸ்கட் அடம் புடிக்கல, அதுக்கு அந்த எடம் புடிக்கல, அவ்ளோதான். நம்ம வீட்டுப் பூனையோட பாட்டன் முப்பாட்டன் எல்லாம் ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா பக்கம் வறண்ட காட்டுல இருந்த காட்டுப்பூனை. தோண்டறது, மோந்து பாக்கறது, போறது, திரும்பி மோந்துட்டு மூடறது, இதெல்லாம் யாரும் சொல்லிக்குடுத்து வந்ததில்ல, ரத்தத்துலயே இருக்கறது. உங்க ரிங்ல சின்ன ஓட்டை இருக்கிற வரைக்கும் சுத்தி மணல் இருந்துது, கால் வைக்க எடமும் இருந்துது. பெரிய ஓட்டை வந்ததும் தோண்டுனா மணல் தண்ணியில விழுது, போனா கீழருந்து தெறிக்குது, கால் வச்சா ப்ளாஸ்டிக் ஆடுது. ஒரு தடவ கால் வழுக்கி உள்ள விழுந்திருந்தாலும் கேக்க வேணாம், அந்தப் பக்கமே போவாது. அது தானா ஒரு எடம் தேடிக்குச்சு. ஜாலி ஓட்டையில போனா வழிஞ்சிடுது, தெறிக்கறதில்ல. மெத்தை மெத்துனு இருக்கு, உறிஞ்சிக்குது, உங்க வாசனை இருக்கு.

பூனையால கமோட்ல போகவே முடியாதுன்னு நான் சொல்லல. நெஜமாவே போற பூனைங்க இருக்கு, வீடியோ எல்லாமே பொய் இல்ல. ட்ரேவை கமோட் பக்கத்துல நகத்தி, பேப்பர் அடுக்கி கொஞ்சம் கொஞ்சமா ஒசத்தி, அப்புறம் சீட் மேலயே வச்சு, ஓட்டையை பெருசாக்கிக்கினே போய் கடைசியில மணலை எடுத்துடறது, அதுதான் முறை, பொறுமையா பண்ணா சில பூனைக்கு மாசக்கணக்குல வரும். ஆனா பூனை வைத்தியம் பாக்கறவங்கள்ல பெரும்பாலும் யாரும் இதை பண்ணுங்கன்னு சொல்ல மாட்டாங்க, நானும் சொல்ல மாட்டேன். அதுவும் உங்களுது ஆண் பூனை.

மேல சொன்ன அந்த அடைப்பை நீங்க எப்படி கண்டுபுடிப்பீங்க? ட்ரேயில தெனமும் அள்றீங்களே, அதுதான் பூனையோட லேப் ரிப்போர்ட். கட்டி கட்டற மணல்ல தெனமும் ரெண்டுலருந்து நாலு மூத்திரக் கட்டி இருக்கும், பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்கு. திடீர்னு அது கோலிகுண்டு சைஸ்ல ஏழெட்டு ஆயிடுச்சுன்னா அன்னிக்கே தெரிஞ்சிடும் மூத்திரப் பையில கோளாறுன்னு. அதுவே ரொம்ப பெருசு பெருசா ஆயிக்கினே போனா சுகரோ கிட்னியோன்னு பாக்கலாம். கமோட்ல எல்லாம் தண்ணியோட போயிடும், பூனை தொவளற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அப்புறம் அந்த சீட் மேல நாலு காலையும் ஒடுக்கி பேலன்ஸ் பண்ணி குந்தறது, இப்ப ஒன்றரை வயசுல ஓகே, பத்து பன்னெண்டு வயசுல மூட்டு வலி வந்தா தாவ முடியாது. காலையில எட்டு மணிக்கு உங்க வீட்டுக்காரர் ராணிப்பேட்டை கம்பெனிக்கு கிளம்பறாரு, பசங்க ஸ்கூலுக்கு கிளம்பறாங்க, ரெண்டு பாத்ரூம் கதவும் சாத்தி இருக்கு, பிஸ்கட் எங்க போகும்? யாரோ மூடியை கவுத்துட்டுப் போயிட்டாங்கன்னா? அடக்கி வச்சிக்கினு இருந்தா திரும்பவும் அதே மூத்திரப் பை பிரச்னைதான். பூனை ஃப்ளஷ் பண்ணாது, அதையும் யோசிங்க, அது போற ஒவ்வொரு தடவையும் நீங்கதான் போய் ஒரு தொட்டித் தண்ணியை இழுத்து விடணும், நம்ம ஊர்ல தண்ணி விடற நாளை எண்ணிக்கினு இருக்கிற தெருவுல இதெல்லாம் ஆவற காரியமா.

இண்டியன் டாய்லெட் கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்வி, வெளிநாட்டு வீடியோ பாக்கறவங்க யாரும் இதை யோசிக்கறதில்ல. கமோட்டை விட இது பூனைக்கு சுலபம்தான், தரையோட தரையா இருக்கு, ஏற வேணாம், பேலன்ஸ் வேணாம். நான் பாத்த சில வீடுகள்ல பூனை யாரும் பழக்காமலே அதுல போயிக்கினு இருக்கு, வீட்டுக்காரங்க ஒரு மக்கு தண்ணி ஊத்தி விட்டுட்டு ரொம்ப பெருமையா சொல்லுவாங்க. தானா போற பூனையை நான் தடுக்க சொல்ல மாட்டேன். ஆனா அங்கயும் எவ்ளோ மூத்திரம் போச்சுன்னு தெரியாது, ஈரப் பீங்கான்ல கால் வழுக்கும், அந்த ஈரக் காலோட வந்து உங்க தலைகாணி மேல ஏறும், கால்ல ஒட்டுன ஆசிட், க்ளீனர் எல்லாத்தையும் அப்புறம் நக்கும். அதனால அப்படிப் போற வீட்லயும் ஒரு மணல் ட்ரே தனியா இருக்கட்டும்னுதான் சொல்றேன். உங்களுக்கு நான் அதைப் பழக்குங்கன்னு சொல்லல.

அப்ப என்ன பண்றது? ரிங்கை இன்னிக்கே கழட்டி பரண் மேல போடுங்க. லாங்கு பஜார்ல ப்ளாஸ்டிக் சாமான் கடையில பெரிய டப் ஒண்ணு வாங்குங்க, பூனைக்குன்னு விக்கற ட்ரே முக்காவாசி சின்னது, பூனை மூக்குலருந்து வால் ஆரம்பிக்கிற எடம் வரைக்கும் அளந்தா அதுல ஒண்ணரை மடங்கு நீளம் வேணும். ஒரு பக்கம் மட்டும் உயரத்தைக் கொறச்சு வெட்டி வெட்டுன ஓரத்தை தேய்ச்சு விட்டுடுங்க, மத்த மூணு பக்கமும் ஒசரமா இருந்தா மணல் வெளிய எறையாது. உள்ள ரெண்டு மூணு இஞ்ச் ஆழம் மணல். எந்த மணல்னா, கட்டி கட்டற பென்டோனைட் மணல் இருக்கு பாருங்க, வாசனை போடாதது, அதுல ஆரம்பிங்க, மல்லிப்பூ வாசனை லேவண்டர் வாசனை எல்லாம் நமக்குதான் புடிக்கும், பூனைக்கு இல்ல. வீடு கட்டற எடத்து எம் சாண்ட் வேணாம், தூசி அதிகம், குத்தும். மரத்தூள் சும்மா கெடைக்குதுன்னு பட்டறையிலருந்து அள்ளிக்கினு வராதீங்க, ப்ளைவுட் அறுத்த தூள்ல பசை கலந்திருக்கும். இந்த கடை மணல் வந்ததே ஒரு கதை. 1947 வரைக்கும் அமெரிக்காவுலயும் சாம்பல், மணல்னுதான் போட்டுக்கினு இருந்தாங்க, மிச்சிகன்ல எட் லோவ்னு ஒருத்தர், மணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டம்மாவுக்கு தன்கிட்ட இருந்த உறிஞ்சற களிமண்ணைக் குடுத்துப் பாத்தாரு, அதுலருந்து ஒரு பெரிய வியாபாரமே ஆயிடுச்சு. நம்ம ஊர்ல பொண்ணுங்க மூஞ்சிக்கு போடற முல்தானி மிட்டி வகைதான் அந்த மண்ணு.

எடம்தான் இங்க முக்கியம். பிஸ்கட் ஏற்கனவே ஜாலியை செலக்ட் பண்ணிடுச்சு, அதோட சண்டை போடாதீங்க. பாத்ரூமை நல்லா காய விட்டு டப்பை அந்த ஜாலி மேலயே வைங்க. நாள் பூரா அந்த பாத்ரூம் கதவு ஒரு ஜாண் தெறந்து இருக்கணும், காத்து சாத்தாம இருக்க ஒரு செங்கல்லை முட்டுக் குடுங்க. அதுல ஒழுங்கா போக ஆரம்பிச்ச பெறகு ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ ஒரு கை அளவு நகத்தி, ஈரம் படாத மூலைக்கு கொண்டு போயிடுங்க. ஜாலி மேல ஒரு தட்டையான கல்லை வச்சு மூடுங்க. பெரிய டப் மூலையில, இன்னொரு டப் வேற எங்கியாவது, பால்கனி இருந்தா அங்க. ஒரே பூனைக்கு ரெண்டு எதுக்குன்னு கேப்பீங்க, ஒண்ணுல ஒண்ணுக்கு, ஒண்ணுல வெளிக்கின்னு பிரிச்சு வச்சிக்கிற பூனை நெறைய, ஒண்ணு அசிங்கமா இருந்தா இன்னொண்ணுல போகும், மெத்தைக்கு வராது. காலையில ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ அள்ளிட்டீங்கன்னா நாத்தமே இருக்காது. மெத்தையில போச்சுன்னு மூக்கைப் புடிச்சு அதுல தேய்க்கறது, அடிக்கறது எல்லாம் வேணாம், உங்களைப் பாத்தா ஒளிஞ்சி போய் போகும், அவ்ளோதான் நடக்கும்.

மெத்தையை சும்மா பினாயில் போட்டு தொடைச்சா போகாது. பினாயிலும் சரி, தண்ணியில ஊத்துனா வெள்ளையா மாறுதே அந்த மாதிரி லோஷனும் சரி, பூனை இருக்கிற வீட்ல தரைக்கே கூட போடாதீங்க, அந்த சரக்கை முறிக்கிற சக்தி பூனை ஈரலுக்கு கம்மி, காலை நக்கியே விஷம் ஏத்திக்கும். மொதல்ல துணியால ஒத்தி எடுங்க, பெட் ஷாப்ல என்சைம் க்ளீனர்னு கெடைக்கும், அதை ஊற விட்டு காய வைங்க. அது கெடைக்கலன்னா வினிகர்ல பாதி தண்ணி கலந்து ஒத்தி, மேல சமையல் சோடாவை தூவி உறிஞ்ச விடுங்க. அப்புறம் மாடியில போடுங்க, நம்ம ஊர் வெயில் வேற எதுக்கு இருக்கு. எடம் பழகற வரைக்கும் பெட்ரூம் கதவை சாத்தி வைங்க.

நாத்தனார் விஷயம். மாமியார் பயப்படறது முழுசா மூட நம்பிக்கை இல்ல, டாக்ஸோப்ளாஸ்மான்னு ஒரு கிருமி இருக்கு, கர்ப்பமா இருக்கும்போது மொதல் தடவையா வந்தா கொழந்தையை பாதிக்கும், அது பூனை வெளிக்கி வழியாதான் வெளிய வருது. ஆனா முடியில இருந்து வராது, மடியில படுத்தா வராது. எலி, குருவி, பச்சைக் கறி தின்ற பூனைக்குதான் அது வரும், வந்தாலும் பெரும்பாலும் மொதல் தடவ ரெண்டு மூணு வாரம்தான் வெளிய விடும். அப்படி வந்ததும் உடனே ஒட்டிக்காது, குறைஞ்சது ஒரு நாளாவது ஆகும் அது வீரியம் ஆக. அதனால தெனமும் அள்ளிப் போட்டுட்டா பெரும்பகுதி ஆபத்து அங்கயே முடிஞ்சிடும். நாத்தனார் ட்ரேவைத் தொட வேணாம், நீங்களோ உங்க வீட்டுக்காரரோ அள்ளுங்க, அப்புறம் சோப்பு போட்டு கை கழுவுங்க. பிஸ்கட்டுக்கு பச்சைக் கறி வேணாம். நெஜமா சொன்னா, வெளிய போகாத உங்க பூனையை விட சரியா வேகாத கறி, கழுவாத கீரை, செடித்தொட்டி மண்ணு, இதுங்ககிட்டதான் அவங்க அதிகம் ஜாக்கிரதையா இருக்கணும். பாக்கற லேடி டாக்டர்கிட்ட வீட்ல பூனை இருக்குன்னு சொல்லுங்க, தேவைன்னா அவங்களே ஒரு ரத்த டெஸ்ட் எழுதுவாங்க. எங்கியாவது கொண்டு போய் விட்டா வீட்டுப் பூனை தெரு நாய்கிட்ட ஒரு ராத்திரி தாங்காது, அதை மாமியார்கிட்ட நீங்கதான் பதமா சொல்லணும்.

இதே கிருமி இருக்கறதாலதான் அள்ளுனதை டாய்லெட்ல போட்டு ஃப்ளஷ் பண்ணாதீங்கன்னும் சொல்றேன். சாக்கடைத் தண்ணியை சுத்தம் பண்ற ப்ளான்ட்ல கூட அது முழுசா சாகறதில்ல. கலிஃபோர்னியா கடல்ல நீர்நாய்ங்க இந்தக் கிருமியால செத்துது, அதனால அங்க பூனை மணல் பாக்கெட் மேலயே கழிவை டாய்லெட்லயோ சாக்கடையிலயோ போடாதீங்கன்னு அச்சடிக்கணும்னு சட்டம் போட்டாங்க. பூனை கமோட்ல போனாலும் அதே கதைதான். பென்டோனைட் மணலைப் போட்டீங்கன்னா இன்னும் மோசம், பைப்புக்குள்ள சிமென்ட் மாதிரி ஆயிடும், அப்புறம் ஹவுஸ் ஓனர்கிட்ட செடித்தொட்டி சண்டையெல்லாம் ஒண்ணுமே இல்லன்னு ஆயிடும். பேப்பர்ல மடிச்சு கவர்ல கட்டி, டயப்பர் நாப்கின் போடற குப்பையோட தனியா குடுங்க, மட்கற குப்பையில சேர்க்காதீங்க, உரமாக்குனா திரும்ப மண்ணுக்குதான் வரும்.

வளைகாப்பு அன்னிக்கு வீடு பூரா ஆளுங்க வருவாங்க, வளையல் சத்தம், பசங்க ஓட்டம், அந்தக் கூட்டத்துல பிஸ்கட் பயந்து திரும்ப மெத்தைக்கு வந்துடும். காலையிலயே ஒரு டப், தண்ணி, கொஞ்சம் சாப்பாடு வச்சு ஒரு ரூம்ல விட்டு வெளிப்பக்கம் தாப்பா போட்டுட்டு, உள்ள பூனை இருக்கு தெறக்காதீங்கன்னு கதவுல ஒரு பேப்பர் ஒட்டிடுங்க. அதுக்கு முன்னாடி ஆபரேஷனை முடிச்சிடுங்க, ஆபரேஷனுக்கு கூட்டிட்டுப் போற அன்னிக்கே ஒரு தடவ மூத்திரத்தையும் டெஸ்ட் பண்ணிடலாம்.